இலைக்கூரையின் கீழே ஒரு மணவறை?

ரொறன்ரோ நகரின் நடுவே, யங் வீதியில், ஈட்டன் சென்ரருக்கு எதிரே ஒடுக்கமான முகப்புடன் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. குயின் சப்வே நிலையத்தில் இறங்கி வடக்குப் பக்கமாகச் சில நிமிடம் நடந்தால் வந்துவிடும். சாமான் வாங்க அவசரமாகப் போகும் எம்மவர் பலர் அதன் விளக்குப் பலகையின் கீழால் எத்தனையோ தடவை நடந்திருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. எல்ஜின் - வின்ரர் கார்டன் தியேட்டர் என்பது அதன் பெயர். ஒரு தியேட்டர் அல்ல, இரண்டு தியேட்டர்கள். பக்கத்துப் பக்கத்தில் அல்ல, ஒன்றின் தலையில் மற்றொன்று! அந்தக் காலத்தில் கட்டப்பட்ட இப்படியான இரட்டைத் தட்டு அரங்குகளில் இன்றும் இயங்கி வருவது உலகிலேயே இது ஒன்றுதான் என்று சொல்லப்படுகிறது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கு ஒரு கலியாணம்தான் காரணம். என் தமக்கையின் மகளுக்கு வருகிற ஆனி மாதம் திருமணம். பிள்ளை இங்கே படித்து, பள்ளிக்கூட நாட்களில் நாடகம் நடித்து வளர்ந்தவள். மாப்பிள்ளையும் அப்படியே, இருவரும் சந்தித்ததே ஒரு நாடக ஒத்திகையில்தான். "மாமா, எங்கட கலியாணம் ஒரு தியேட்டருக்குள்ள நடக்கவேணும். சிவப்புத் திரை விலக, மேடையில மணவறை தெரியவேணும்" என்றாள். அத்தானுக்குத் தலை சுற்றியது. அக்காவுக்கு அரை விருப்பம். எங்கள் அம்மாவுக்கு, அதாவது பிள்ளையின் அம்மம்மாவுக்கு, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவ கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "அங்க ஓமம் வளக்கலாமோ?"

இந்தக் கேள்வியையும் காவிக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். அங்கு கண்டதும், பிறகு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்ததும், புதிதாக இந்த நாட்டில் வேர்விடும் குடும்பங்களுக்கு உதவலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

கீழே தங்கம், மேலே தோட்டம்

இந்தத் தியேட்டரைக் கட்டுவித்தவர் அமெரிக்காவில் பல அரங்குகளை நடத்திய மார்க்கஸ் லோ என்ற வணிகர். வரைபடம் தோமஸ் லாம் என்ற கட்டடக் கலைஞருடையது. கீழ் அரங்கு 1913 டிசெம்பரிலும், மேல் அரங்கு 1914 பெப்ரவரியிலும் திறக்கப்பட்டன. யங் வீதியில் நிலத்தின் விலை அன்றைக்கும் நெருப்பு விலைதான். ஆகவே வீதிப் பக்கம் ஒடுக்கமான துண்டு ஒன்றை மட்டும் வாங்கி நீண்ட நடைவழியாக்கி, பின்னால் அகலமான நிலத்தில் அரங்குகளை உயர்த்தினார்கள். ஊரில் ஒழுங்கைக்குள்ளால் போய் உள்காணியில் பெரிய வீடு கட்டுவதில்லையா, அதே யுக்திதான்.

கீழ் அரங்கான எல்ஜின் முழுவதும் சிவப்பும் பொன்னும். தூண்கள் சலவைக்கல் போலத் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் அது சாந்தினால் செய்த வேலைப்பாடு என்று விளங்கும். சுமார் 1,500 பேர் இருக்கலாம். அங்கிருந்து ஏழு மாடி உயரம் படியேறினால் மேல் அரங்கு. அதன் பெயர் வின்ரர் கார்டன், அதாவது மாரிகாலத் தோட்டம். ஏறத்தாழ 1,000 ஆசனங்கள். சுவரெல்லாம் கையால் தீட்டிய பூங்கொடிகள். தூண்கள் மரத்தண்டுகள் போல. நிமிர்ந்து பார்த்தால் கூரையே தெரியாது. உண்மையான பீச் மரத்து இலைக்கொப்புகள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்குகின்றன. அவற்றுக்கிடையே சிறு சிறு விளக்குக்கூடுகள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே வந்து, இலைகளின் கீழே இருந்து ஆட்டம் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அக்கா அண்ணாந்து பார்த்தபடி, "கோயில் திருவிழாவுக்கு வாழையும் தோரணமும் கட்டின மாதிரிக் கிடக்கு" என்றா. பொருத்தமான பேச்சு!

இரண்டு அரங்குகளிலும் அந்தக் காலத்தில் நடந்தது வோட்வில் எனப்படும் கதம்ப நிகழ்ச்சி. பாட்டு, நடனம், பகிடி, மாயவித்தை, பழக்கிய மிருகங்கள், இடையிடையே ஊமைப்படம் என எல்லாம் கலந்திருக்கும். கீழே மலிந்த ரிக்கற்றில் நாள் முழுக்கத் தொடர் காட்சி. மேலே மாலையில் ஒரு காட்சி, ஆசனம் ஒதுக்கப்பட்டு, விலையும் கூட. ஆடியவர்களோ அதே ஆட்கள்! ஒரே பாட்டு, ஒரே பகிடி; ஏழு மாடி ஏறிவந்து பார்த்தவருக்கு விலை அதிகம். மண்டபத்தின் பெயருக்குக் காசு கொடுப்பது இன்று நேற்றைய பழக்கம் அல்ல என்று அத்தான் இந்த இடத்தில் மெல்லச் சிரித்தார்.

பூட்டிக் கிடந்த அறுபது ஆண்டு

பேசும் படம் வந்ததும் வோட்வில் படுத்துவிட்டது. 1928இல் மேல் அரங்கைப் பூட்டினார்கள். கீழ் அரங்கு படமாளிகையாக மாறி, காலப்போக்கில் பொலிவிழந்தது. மேலே ஒருவரும் போகவில்லை. இலைகள் காய்ந்து தூசி படிந்தன. ஆட்டக்காரர் விட்டுப்போன வண்ணத் திரைகளும் சீன்களும் அடுக்கியபடியே கிடந்தன. எவரும் தொடாததாலேயே அவை தப்பின. வோட்வில் காலத்துக் காட்சித் திரைகளில் உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய தொகுதி இங்கேதான் கண்டெடுக்கப்பட்டது.

1981இல் ஒன்ராறியோ மாகாணத்தின் மரபுரிமை அமைப்பு கட்டடத்தை வாங்கியது. 1982இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக்கப்பட்டது. 1985இல் 'கற்ஸ்' என்ற இசை நாடகம் கீழ் அரங்கில் இரண்டு ஆண்டுகள் ஓடி, இந்த இடத்துக்குச் சனம் வரும் என்று காட்டியது. 1987இல் தொடங்கிய திருத்த வேலை 29 மில்லியன் டொலர் செலவில் முடிந்து, 1989 டிசெம்பரில் இரண்டு அரங்குகளும் மீண்டும் திறந்தன.

அந்தத் திருத்த வேலையைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. மேல் அரங்கின் சுவரோவியங்கள் நீர்வர்ணத்தில் தீட்டியவை. ஈரத் துணியால் துடைத்தால் ஓவியமும் சேர்ந்து அழிந்துவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? பாண் சுடுவதற்குப் பிசையும் பச்சை மாவை உருட்டி, சுவரில் மெதுவாக ஒற்றி ஒற்றி அழுக்கை எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான இறாத்தல் மா அதற்குச் செலவானதாம். கீழ் அரங்கின் வேலைப்பாடுகளுக்கு மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மெல்லிய அலுமினியத் தாள்கள் ஒட்டினார்கள். பழைய இலைகளுக்குப் பதிலாக 5,000க்கும் மேற்பட்ட புதுக் கொப்புகளை வெட்டி, பதப்படுத்தி, தீப்பிடிக்காதபடி மருந்திட்டு, கம்பி வலையில் பின்னித் தொங்கவிட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் குடும்பம் காங்கேசன்துறைப் பக்கம். 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களதும் ஒன்று. பூட்டிய கட்டடத்தைத் தேடி ஒருவர் திரும்பி வந்து, மாவை உருட்டிச் சுவரை ஒற்றி எடுத்தார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் கட்டடக் கதை அல்ல.

எமக்கும் தியேட்டர் புதிதல்ல

பிள்ளையின் ஆசை வெள்ளைக்காரப் பழக்கம் என்று உறவுக்குள் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கொட்டகை போட்டு, மேடைக்கு முன்திரை கட்டி, பின்னால் அரண்மனை, காடு, தெரு என்று சீன்களை இறக்கி நாடகம் ஆடியவர்கள் நாங்கள். அந்தக் கொட்டகைக் கூத்தின் பெரும் பெயர் நடிகமணி வி. வி. வைரமுத்து. காங்கேசன்துறையைச் சேர்ந்தவர், வசந்தகான சபாவை நடத்தியவர், அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய ஆடி ஊரையே அழவைத்தவர். அவருடைய நாடகத்துக்குப் பாயும் தலையணையும் கொண்டுபோய் இடம் பிடித்தவர்களில் எங்கள் அம்மாவும் ஒருவர்.

அந்த அரங்கில் காட்சிக்கு வைத்திருந்த பழைய வண்ணத் திரையைக் கண்டதும் அம்மா, "இது எங்கட சீன் அல்லோ!" என்றா. வண்ணத்துப்பூச்சிச் செட்டை போலத் தீட்டிய அந்தத் திரைக்கு முன்னால் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்திரை விலகும்போது பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் மேடை எப்படிப் பளிச்சிடும், பபூன் என்ன பகிடி விடுவான் என்று சொல்லத் தொடங்கிவிட்டா. பிள்ளை அதுவரை ஒருநாளும் கேட்டிராத கதைகள்! அம்மம்மாவுக்கு நாடகம் தெரியும் என்பதே அவளுக்குப் புதினம்.

நெருப்பு

எல்லாம் பார்த்து முடிந்து, மேல் அரங்கின் நடுவில் நின்று, அம்மா மீண்டும் அண்ணாந்து இலைகளைப் பார்த்தா. பிறகு மருமகளைப் பார்த்துக் கேட்டா: "பிள்ளை, இதுக்குக் கீழயோ நெருப்பு மூட்டப் போறாய்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

தியேட்டர்காரர் நெருப்புக்கு அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டு. 1903 டிசெம்பர் 30ஆம் திகதி சிக்காகோ நகரின் இறொக்குவா தியேட்டரில் மேடை விளக்கு ஒன்றிலிருந்து திரையில் தீப்பற்றியது. காப்புத் திரை முழுவதும் இறங்காமல் இடையில் சிக்கிக்கொண்டது. வாசல்கள் பல பூட்டியிருந்தன. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களிற் பலர் விடுமுறைக் காட்சிக்கு வந்த தாய்மாரும் பிள்ளைகளும். வெளிப்புறம் திறக்கும் கதவுகள், அவசர வழி விளக்குகள், தீக்காப்புத் திரை ஆகியவை பற்றிய சட்டங்கள் அதன் பிறகே வட அமெரிக்கா எங்கும் இறுகின. இன்று எந்தத் தியேட்டரிலும் மேடையில் மெழுகுவர்த்தி ஒன்று கொளுத்துவதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டிவரும். ஓமகுண்டம், குத்துவிளக்கு, கர்ப்பூரம், சாம்பிராணி எல்லாம் அவர்கள் கணக்கில் திறந்த நெருப்புத்தான். புகை உணரும் கருவி ஒன்று அலறினால், தாலி கட்டும் நேரத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும்!

ஆகவே தியேட்டரோ, ஹோட்டலோ, விருந்து மண்டபமோ, எதுவாயினும் முற்பணம் கட்டமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி எங்கள் அம்மா கேட்டதுதான். வாய்ப்பேச்சில் "ஓம், பிரச்சினையில்லை" என்பதை நம்பவேண்டாம். எத்தனை அங்குலக் குண்டம், எவ்வளவு நேரம் எரியும், கீழே என்ன விரிப்பு, தீயணைக்கும் கருவியுடன் நிற்பது யார் என்று எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். குருக்களையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மண்டபத்துக்கு ஏற்றபடி சிறிய குண்டத்தில் செய்பவர்களும் இருக்கிறார்கள். கோயிலிலேயே செய்யவேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

மேடை வேறு, மண்டபம் வேறு

தியேட்டரின் ஆசனங்கள் நிலத்தோடு பூட்டப்பட்டவை; தரையும் சரிவு. மேசை போட்டு வாழையிலை விரிக்க முடியாது. சாப்பாடு வாசற்கூடத்தில்தான். அங்கே ஆயிரம் பேருக்கு இடமில்லை. நின்றபடி கொறிப்பதற்குத்தான் வசதி. எங்கள் ஆட்களோ கலியாண வீட்டில் இருந்து, மனமாறச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார்கள். ஆகவே அரங்குக்கு ஒரு வாடகை, சாப்பாட்டுக்கு வேறொரு மண்டபம் என்று இரட்டைச் செலவு.

அதேவேளை நல்ல அம்சங்களும் இல்லாமல் இல்லை. எங்கள் மண்டபங்களில் தாலி கட்டும் நேரம் விருந்தினர் காண்பது வீடியோக்காரரின் முதுகைத்தான்! தியேட்டரில் பால்கனியில் இருப்பவருக்கும் மணவறை முழுதாகத் தெரியும். ஆனால் கீழ் வரிசையில் இருப்பவருக்கு, நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கும் மணமக்கள் தெரியமாட்டார்கள். மணவறையை ஓர் அடியோ ஒன்றரை அடியோ உயர்த்த வேண்டும். மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் திசைகாட்டி கொண்டுபோய்ப் பாருங்கள். மணமக்களைக் கிழக்கு முகமாக இருத்தவேண்டும் என்று பெரியவர்கள் பிறகு சொல்லி, கட்டிய சோடனையைக் கழற்றிப் பூட்டியது ஓர் இடத்தில் நடந்தது. அறுகரிசி போடுவது, தேங்காய் உடைப்பது, அம்மி வைப்பது, செருப்புக் கழற்றுமிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நூறு வயதைத் தாண்டிய கட்டடத்தின் கம்பளத்தில் மஞ்சளரிசி சிந்தினால் கூட்டித் துடைக்கும் செலவு எங்கள் தலையில் விழலாம்.

ஏழு மாடி உயரமுள்ள அரங்கு என்றால் வயோதிபர்களை எப்படிக் கொண்டுபோவது என்பதும் கேள்வி. வின்ரர் கார்டனுக்கு லிப்ற் உண்டு. ஆனால் 400 பேர் ஒரே நேரத்தில் மேலே போக எவ்வளவு நேரம் பிடிக்கும்? முகூர்த்தம் காத்திருக்காது.

நாளும் நேரமும்

தியேட்டருக்குத் தன் பஞ்சாங்கம் உண்டு. எங்களுக்கு எங்கள் பஞ்சாங்கம். இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒரு நாடகம் வாரக்கணக்கில் ஓடினால் மேடையில் அவர்களுடைய சோடனை நிற்கும். இடையில் ஒரு நாள் எங்களுக்குத் தந்தாலும் அதை அகற்ற மாட்டார்கள். பல தியேட்டர்களில் திங்கட்கிழமை ஓய்வு நாள். திங்கட்கிழமைக் கலியாணத்துக்கு வேலைக்குப் போகும் சனம் எத்தனை பேர் வருவார்கள்? ஆவணி முகூர்த்தங்கள் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை நீள்கின்றன. அதே நாட்களில்தான் ரொறன்ரோவின் சர்வதேசத் திரைப்பட விழா நகரின் நடுப்பகுதி அரங்குகளை நிறைக்கிறது. எல்ஜினிலும் பல ஆண்டுகள் அதன் காட்சிகள் நடந்திருக்கின்றன. தை மாதம் எங்களுக்கு நல்ல மாதம், இங்கே உறைபனி. கூறைச் சேலையோடு யங் வீதியில் காரால் இறங்கி நடக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் பள்ளி விடுமுறை, வெயில், எல்லா வசதியும் உண்டு. ஆனால் நாங்கள் கலியாணம் செய்யமாட்டோம்!

இன்னொன்று. குயின் வீதியும் யங் வீதியும் சந்திக்கும் இடம் ஒன்ராறியோ லைன் என்ற புதிய ரயில்பாதை வேலைக்காக 2023இல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. பல ஆண்டுகள் எடுக்கும் வேலை. மணமகனின் ஊர்வலக் கார் எங்கே நிற்கும் என்பதை முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

விடியற்புற முகூர்த்தம் என்றால் அதற்கு முன் மேடைத் தொழிலாளர் வரவேண்டும். தொழிற்சங்கம் உள்ள அரங்குகளில் திரை இழுப்பதும் விளக்குப் போடுவதும் அவர்களுடைய வேலை. எங்கள் வீட்டுப் பெடியள் தொட முடியாது. குறைந்தபட்ச மணித்தியாலக் கணக்கு, அகால நேரத்துக்கு மேலதிகக் கூலி என்று நியமங்கள் உண்டு. அவை நியாயமானவை. தொழிற்சாலையில் ஓவர்ரைம் செய்யும் எங்களுக்கு அது விளங்காமல் போகாது. ஆனால் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்க மறக்கக்கூடாது.

கணக்குக் கொப்பி

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கொப்பியை எடுத்தாள். அரங்கின் வாடகை என்பது முதல் வரி மாத்திரமே. அதன் கீழே மேடைத் தொழிலாளர், வாசல் ஊழியர், காவல், துப்புரவு, பொறுப்புக் காப்புறுதி, மதுபானம் இருந்தால் அதற்கான அனுமதி என்று வரிசை நீளும். பாட்டுப் போடுவதற்கும் கட்டணம் உண்டு என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. இசையமைப்பாளர்களுக்காகச் சொகான் என்ற அமைப்பும், பாடகர்களுக்கும் இசைத்தட்டு வெளியிடுபவர்களுக்குமாக ரீசவுண்ட் என்ற அமைப்பும் அறவிடுகின்றன. மண்டபத்தின் கொள்ளளவையும் ஆட்டம் உண்டா இல்லையா என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். பெரும்பாலும் மண்டபக்காரரே பில்லில் சேர்த்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 13 சதவீத விற்பனை வரி. சொன்ன விலை 20,000 டொலர் என்றால் வரி மாத்திரம் 2,600 டொலர். "வரியோடையோ, வரி இல்லாமலோ?" என்று முதலில் கேளுங்கள்.

பிறகு தலைக்கணக்கு. சாப்பாடு ஆளுக்கு 60 டொலர் என்று வைத்தால் 500 பேருக்கு 30,000. அதை 250 ஆக்கினால் 15,000 மிச்சம். சோடனையில் பூவைக் குறைத்து எவரும் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. செலவைத் தீர்மானிப்பது அழைப்பிதழின் எண்ணிக்கைதான்.

அத்தான் மெல்லச் சொன்னார்: "வீட்டின்மேல ஒரு கடன் எடுக்கலாம். ஒரே பிள்ளை." இரவு வேலையும் பகல் வேலையும் செய்து, தம்பிமாரை இங்கே எடுப்பித்து, ஊரில் தாய்க்கு மாதாமாதம் அனுப்பி, அதற்கிடையில் வாங்கிய வீடு அது. மருமகள் கொப்பியை மூடினாள். "அப்பா, ஒரு நாள் திரை விலகிறதுக்கு நீங்கள் பத்து வருசம் வேலை செய்யவேண்டாம்" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை.

நாடகக் கலியாணம், எங்கள் வழியில்

ஆசையைக் கைவிட வேண்டியதில்லை என்பதைப் பிறகு கண்டுகொண்டோம். எக்ளிங்ரன் அவெனியூ மேற்கில் 1936இல் திறந்த எக்ளிங்ரன் தியேட்டர் என்ற அழகிய படமாளிகை, 2002இல் படம் காட்டுவதை நிறுத்திய பின், விருந்து மண்டபமாக மாற்றப்பட்டது. தியேட்டரின் முகப்பும் அலங்காரமும் அப்படியே இருக்க, உள்ளே மேசை போட்டு இருக்கலாம். வசதி உள்ளவர்களுக்கு இப்படியான இடம் இரட்டைச் செலவைத் தவிர்க்கும். நாங்கள் அதையும் விசாரித்தோம். முடிவில் அதுவும் வேண்டாம் என்றாயிற்று.

இப்போதைய திட்டம் இதுதான். முகூர்த்தம் காலையில் ஸ்காபரோவில் உள்ள ஒரு கோயிலில். ஓமம், தாலி, அம்மி, அருந்ததி எல்லாம் குறைவில்லாமல் அங்கே. மாலையில் வழக்கமான ஒரு மண்டபம், 220 பேர். தியேட்டரை அங்கே கொண்டுவருவது மணமக்களும் அவர்களுடைய நண்பர்களும். அழைப்பிதழ் பழைய நாடக நோட்டீஸ் போல, மஞ்சளும் ரோசாவுமான மலிந்த தாளில், பெரிய எழுத்தில்: "இன்றிரவு! ஒரே ஒரு காட்சி!" மேசைகளுக்கு இலக்கம் இல்லை, அரிச்சந்திரன், சத்தியவான் சாவித்திரி, நந்தனார் என்று பெயர்கள். நிகழ்ச்சி நிரல் மூன்று அங்கமாக. மேடையில் சிவப்புத் துணியில் முன்திரை. தையல் வேலை அக்காவுடையது. பின்னால் ஒரு சீன்: காங்கேசன்துறைக் கடலும் வெளிச்சவீடும். அதைத் தீட்டுவது ஊரில் கோயில் திரைகள் எழுதிப் பழகிய எங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர். இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தூரிகையைத் தொடாமல் லொறி ஓட்டியவர். கராச்சில் துணியைக் கட்டிவிட்டு, வேலை முடிந்து வந்து இரவில் தீட்டுகிறார். "நீலம் காணாது, இன்னும் ஒரு வாளி வாங்கு" என்று போன் அடிக்கிறார்.

பபூன் வேடத்துக்கு மாப்பிள்ளைத் தோழனைப் பிடித்திருக்கிறார்கள். தொடக்க வசனம் சொல்லிக் கொடுப்பது எங்கள் அம்மா.

சட்டக் கடதாசி

கடைசியாக, எந்த இடத்தில் செய்தாலும் மறக்கக்கூடாத ஒன்று. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் இந்த நாட்டுச் சட்டத்தின்முன் பதிவாகிவிடாது. முதலில் நகரசபை அலுவலகத்தில் திருமண உத்தரவுப் பத்திரம் எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் எடுத்த பத்திரம் ஒன்ராறியோவுக்குள் மட்டும், மூன்று மாதங்களுக்குச் செல்லும். ஆகவே மிக முந்தியும் எடுக்கவேண்டாம். கடைசிக் கிழமை வரை விடவும் வேண்டாம். ஊரில் பிறப்புப் பத்திரம் தொலைத்தவர்கள் வேறு எந்த அடையாளப் பத்திரங்களை ஏற்பார்கள் என்று முன்னதாகவே விசாரியுங்கள். வேறு நாட்டில் விவாகரத்துப் பெற்றவர்களுக்கு மாகாண அரசின் தனி அனுமதி வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். திருமணத்தை நடத்தும் குருக்களோ, போதகரோ, அருட்தந்தையோ மாகாணத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பதிவு பெற்ற ஒருவர் வேறாக வரவேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட, நடத்தியவர் படிவத்தை அரசுக்கு அனுப்புவார். பிறகு நீங்கள்தான் விண்ணப்பித்துத் திருமணச் சான்றிதழை எடுக்க வேண்டும். துணையை ஸ்பொன்சர் செய்யவும், பெயர் மாற்றவும், பின்னாளில் ஓய்வூதியத்துக்கும் அந்தத் தாள்தான் பேசும்.

யங் வீதித் தியேட்டரை வாடகைக்கு எடுக்க முடியாவிட்டாலும் பார்க்க முடியும். கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் ஒழுங்கு உண்டு; நாடகங்களுக்கு ரிக்கற் எடுத்தும் போகலாம். நாள் நேரத்தை அவர்களிடம் கேட்டறிந்து, வீட்டில் உள்ள முதியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நிற்கட்டும். இலைகளையும் திரைகளையும் பார்க்கும்போது அவர்கள் வாயிலிருந்து என்ன கதை வரும் என்று எவருக்குத் தெரியும்!